இரண்டரை மணி நேர ஒத்திகை: ஒரே அறைக் காற்றில் பரவிய தொற்று, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 மார்ச் 10, செவ்வாய்க்கிழமை மாலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் கவுன்ட்டியை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சேர்ந்த ஒரு சேர்ந்திசைக் குழு தன் வாராந்திர ஒத்திகைக்காகக் கூடியது. குழுவில் மொத்தம் 122 பேர். அன்று வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு மார்ச் 7 முதல் ஜலதோஷம் போன்ற தொந்தரவு இருந்தது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் அவரையும் சேர்த்து 53 பேர் கோவிட் நோயாளிகளாகக் கணக்கில் வந்தார்கள். 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது. மற்ற 20 பேரை அறிகுறிகளை வைத்துச் சேர்த்தார்கள். மூன்று பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

குளிர்காலச் சுவாசத் தொற்றுகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. இது கோவிட் பற்றியது என்பதால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஃப்ளூ, ஆர்எஸ்வி (கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் அதிகம் வாட்டும் ஒரு சுவாச வைரஸ்), சாதாரண ஜலதோஷம் எல்லாமே ஏறக்குறைய இதே வழியில்தான் வீடு வீடாக, வகுப்பு வகுப்பாகப் போகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. அன்று வந்தவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை. அந்த நேரத்தில் சொல்லப்பட்டிருந்த முன்னெச்சரிக்கைகளை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள். அப்படியிருந்தும் இவ்வளவு பேருக்கு எப்படித் தொற்றியது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

அன்று மாலை நடந்தது

ஒத்திகை மாலை 6.30-க்குத் தொடங்கி 9 மணிக்கு முடிந்தது. வாசலில் சானிடைசர் இருந்தது. கைகுலுக்குவதையும் கட்டியணைப்பதையும் எல்லாரும் தவிர்த்தார்கள். யாரையும் தொட்டதாகப் பின்னால் ஒருவர்கூடச் சொல்லவில்லை. கூட்டங்களுக்கு அந்தக் கவுன்ட்டியில் அப்போது தடை எதுவும் வந்திருக்கவில்லை.

பெரிய அறையில் ஆறு வரிசை, வரிசைக்கு 20 நாற்காலி. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே 15 முதல் 25 சென்டிமீட்டர்தான் இடைவெளி. பாதிப் பேர் வராததால் சிலருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தார்கள். முதல் 40 நிமிடம் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். பிறகு இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு சின்ன அறைக்குப் போய் பெஞ்சுகளில் நெருங்கி உட்கார்ந்து 50 நிமிடம் பாடியது. பெரிய அறையில் இருந்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்துகொண்டார்கள். அப்புறம் 15 நிமிட இடைவேளை. அறையின் பின்புறம் பிஸ்கட்டும் ஆரஞ்சும் வைத்திருந்தார்கள், பலர் அதைத் தொடவேயில்லை. கடைசி 45 நிமிடம் மறுபடி எல்லாரும் ஒன்றாக. முடிந்ததும் அவரவர் நாற்காலியை அவரவரே கொண்டுபோய் அடுக்க வேண்டும் என்பதால், அந்த மூலையில் கொஞ்ச நேரம் கூட்டமாக நின்றார்கள். பிறகு பெரும்பாலானவர்கள் உடனே கிளம்பிவிட்டார்கள்.

குளிரான மாலை. வெளிக்கதவுகள் மூடியிருந்தன.

மறுநாளே மூன்று பேருக்கு அறிகுறி தெரிந்தது. பரிசோதனையில் உறுதியானவர்களில் பாதிப் பேருக்கு மூன்று நாட்களுக்குள் அறிகுறி வந்துவிட்டது, சிலருக்கு 12 நாள் வரை ஆனது. உறுப்பினர்களின் வயதை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது 69. சாவு நேர்ந்ததற்கு இந்த வயதும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

எப்படித் தெரிந்தது, அந்த ஒரு மாலைதான் என்று?

இந்தக் கேள்வி முக்கியம். வாரா வாரம் சந்திக்கும் குழுவில் தொற்று வேறொரு நாளிலும் பரவியிருக்கலாம் அல்லவா? சுகாதாரத் துறையினர் உறுப்பினர்களைத் தொலைபேசியில் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். அதற்கு முந்தைய வாரம், மார்ச் 3 ஒத்திகைக்கு 78 பேர் வந்திருந்தார்கள். அதற்கு மட்டும் வந்து மார்ச் 10-க்கு வராதவர்கள் 21 பேர். அவர்களில் உடம்பு சரியில்லாமல் போனவர் ஒரே ஒருவர். மார்ச் 10-க்கு மட்டும் வந்தவர்கள் மூன்று பேர், அவர்களில் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். முதல் நோயாளியை விட்டுவிட்டு எண்ணினால், மார்ச் 10 அன்று இருந்த 60 பேரில் 52 பேருக்கு நோய். அதாவது 87 சதவீதம். நாள் எது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

வழி எது என்பதில்தான் விவாதம் இருந்தது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2020 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, நெருங்கி உட்கார்ந்ததும் நீண்ட நேரம் கூடியிருந்ததும் தொற்றுக்கு உதவின என்றது. பாடியது அதைக் கூட்டியிருக்கலாம் என்றும் சொன்னது. நாற்காலி, தின்பண்டம் வழியாகப் பரவியிருக்கும் வாய்ப்பையும் அது முற்றாக மறுக்கவில்லை. அதன்பின் காற்றோட்ட வல்லுநர்கள் அந்த அறையின் அளவையும் வெப்பமூட்டும் அமைப்பையும் எடுத்துவைத்துக் கணக்குப் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவருக்கும் தூரத்தில் இருந்தவருக்கும் இப்படி ஒரேயடியாகத் தொற்ற வேண்டுமானால், அறை முழுவதும் பரவி நின்ற காற்றே பிரதான வழியாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். எனக்கு இந்த விளக்கம்தான் சரியாகப் படுகிறது. ஆறு வரிசையில் சிதறி உட்கார்ந்த, ஒருவரையொருவர் தொடாத 52 பேருக்குக் கையும் நாற்காலியும் மட்டும் போதாது.

மூச்சு விடும்போதும் பேசும்போதும் நம் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிவருகின்றன. குரல் உயர உயர அவற்றின் எண்ணிக்கையும் கூடும். பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழும். மிகச் சிறியவை விழாமல் சிகரெட் புகைபோல அறைக்குள் மிதந்துகொண்டே இருக்கும். பாடுகிறவர் ஆழமாக மூச்சை இழுக்கிறார், பலமாக வெளியே விடுகிறார். இரண்டரை மணி நேரம் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை அந்த அறை காட்டிவிட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். ஓர் அறையின் கன அளவுக்குச் சமமான புதுக் காற்று ஒரு மணி நேரத்தில் ஒருமுறை உள்ளே வந்தால், அதை மணிக்கு ஒரு காற்றுமாற்றம் என்பார்கள். வந்த காற்று பழைய காற்றோடு கலந்துதான் வெளியேறும் என்பதால், ஒரு மணி நேரம் கழித்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழைய நுண்துளிகள் மிச்சமிருக்கும். 95 சதவீதத்தை வெளியேற்ற மூன்று மணி நேரம் பிடிக்கும். அதே அறையில் மணிக்கு ஐந்து காற்றுமாற்றம் நடந்தால் அதற்கு 36 நிமிடம் போதும். அந்த ஒத்திகை அறைக்கு வெளிக்காற்று வந்தது மணிக்கு ஒரு மாற்றத்துக்கும் குறைவாகவே இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். முதல் பாட்டின்போது விட்ட மூச்சில் ஒரு பகுதி, கடைசிப் பாட்டு வரை அறையிலேயே இருந்தது என்று அர்த்தம். நுண்துளிகளை நீக்கும் வேகத்தை மணிக்கு ஐந்தாக உயர்த்தி, ஒத்திகையையும் ஒரு மணி நேரத்தோடு முடித்திருந்தால் ஆபத்து பாதியாகக் குறைந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. 2023-இல் சிடிசி, கட்டடங்களுக்கு மணிக்கு ஐந்து காற்றுமாற்றத்தையே இலக்காக வைத்தது.

பாதிதான் குறையும் என்பதையும் கவனியுங்கள். ஒரு முன்னெச்சரிக்கை தனியாக நின்று எல்லாரையும் காப்பாற்றாது.

43 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த பாடம்

1977 மார்ச் மாதம் அலாஸ்காவில் ஒரு ஜெட் விமானம் 54 பேருடன் கிளம்பத் தயாரானது. ஓடுதளத்தில் இயந்திரக் கோளாறு ஏற்பட்டு, மூன்று மணி நேரத்துக்கும் மேல் தரையிலேயே நின்றது. பெரும்பாலான பயணிகள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் விமானத்தின் காற்றோட்ட அமைப்பு வேலை செய்யவில்லை. உள்ளே ஒரு பயணிக்கு உடம்பு சரியில்லை. 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேருக்கு இருமல், காய்ச்சல், தொண்டைவலி, உடம்புவலி. காரணம் இன்ஃப்ளூயன்சா, எச்3என்2 வகை. விமானத்துக்குள் எவ்வளவு அதிக நேரம் இருந்தார்களோ அவ்வளவு அதிகமாக நோய் வந்தது. காற்றோட்டம் நின்றுபோனதே இவ்வளவு பேரைத் தொற்றியதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 1979-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை எழுதிவைத்தது.

இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய்வாய்ப்பட்ட ஒருவர், மூடிய இடம், புதுக் காற்று இல்லை, மணிக்கணக்கான நேரம். கிருமி மட்டும்தான் வேறு. ஆனால் நடுவிலிருந்த 43 ஆண்டுகளில், குளிர்கால முன்னெச்சரிக்கை என்றால் கை கழுவுவது, இருமும்போது வாயை மூடுவது என்ற அளவிலேயே பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டது. 2020-இன் தொடக்கத்திலும் கை, கை, கை என்றுதான் எல்லா அறிவிப்பும் இருந்தன. அந்தக் குழுவினர் கேட்ட அறிவுரையை அப்படியே கடைப்பிடித்தார்கள். அறிவுரைதான் குறையாக இருந்தது. இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

கை கழுவுவதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஜலதோஷம் போன்ற சுவாச நோய்களை அது ஓரளவு குறைக்கிறது. ஆர்எஸ்வி போன்றவை கை வழியாகவும் பரவும். கைக்குழந்தை உள்ள வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் பேச்சு.

குளிர்காலம் ஏன் கூடுதல் மோசம்

குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கூடுகிறோம். முக்கியமான ஒரு காரணம் இது. இதோடு உலர்ந்த காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2007-இல் கினிப் பன்றிகளை வைத்துச் செய்த சோதனையில், குளிரும் வறட்சியுமான காற்றில் இன்ஃப்ளூயன்சா ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு எளிதாகப் பரவியது. 30 டிகிரி வெப்பத்தில் அப்படிக் காற்று வழியாகப் பரவுவது நின்றுபோனது. குளிர்ந்த உலர்காற்று மூக்கின் உள்படலத்தையும் காயவைத்து, கிருமியை வெளியே தள்ளும் வேலையை மந்தமாக்குகிறது.

எதை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்

முதலில், அந்த ஒருவர் வீட்டில் இருந்திருந்தால். இவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூக்கு ஒழுகுகிறது, கொஞ்சம் அசதி, இதற்கெல்லாமா ஒத்திகையை விடுவது என்றுதான் நம்மில் யாரும் நினைப்போம். சின்னச் சளியோடு வேலைக்கு வருவதை நாம் பொறுப்புணர்வு என்று பாராட்டியே வளர்ந்திருக்கிறோம். பாராட்டை நிறுத்த வேண்டியது அங்கேதான். ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்ப ஆரம்பித்துவிடுவார். முதல் மூன்று நாட்களில் பரப்பும் வேகம் அதிகம். 2024 மார்ச்சில் சிடிசி, ஃப்ளூ, கோவிட், ஆர்எஸ்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வழிகாட்டலைக் கொண்டுவந்தது. மருந்து எடுக்காமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகி, மற்ற அறிகுறிகளும் குறைந்துகொண்டு வந்தால் வெளியே போகலாம். அதன்பிறகும் ஐந்து நாள் மாஸ்க், காற்றோட்டம், இடைவெளி என்று கூடுதல் கவனம் வேண்டும். நினைவில் வைக்க எளிதான விதி.

ஆனால் வீட்டில் இருந்தால் சம்பளம் போகும் என்கிற ஒருவரிடம் இந்த விதியைச் சொல்லி என்ன பயன்? விடுப்பு எடுப்பவரின் வருமானத்தைக் காப்பது முதலாளியும் அரசும் செய்ய வேண்டிய பொது சுகாதார வேலை. அதேபோல ஒரு குழுவை, வகுப்பை, கூட்டத்தை நடத்துகிறவர், வராதவருக்கு எந்த இழப்பும் இல்லாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். பதிவுசெய்து அனுப்புவது, தேர்வை மாற்றிவைப்பது, வருகைக் கணக்கில் கழிக்காமல் விடுவது என எத்தனையோ வழி இருக்கிறது.

அடுத்தது காற்று. எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு ஜன்னலோ ஒரு கதவும் ஒரு ஜன்னலுமோ திறந்திருந்தால் காற்று ஊடுருவிப் போகும். தொடர்ந்து திறந்துவைக்க முடியாத குளிரில், மணிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் வைப்பதும் பலன் தரும். கழிவறை, சமையலறையில் இருக்கும் எக்ஸாஸ்ட் மின்விசிறியை ஓடவிடுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசியும் பெரும்பாலான அறை ஹீட்டர்களும் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றி விடுகின்றன. அறை இதமாக இருப்பதால் காற்று நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஜன்னலே இல்லாத இடத்தில் ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய துகள்களையும் பிடித்துவைப்பது) உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் கைகொடுக்கும். கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு கருவியை அறையில் வைத்தால் நிலைமை கண்ணுக்குத் தெரியும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. மூடிய அறையில் ஆட்கள் சேரச் சேர ஏறும். 800-ஐத் தாண்டினால் அறைக்குப் புதுக் காற்று தேவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் மூன்றாவது. இரண்டரை மணி நேரத்தை இரண்டாகப் பிரித்து, நடுவில் எல்லாரும் வெளியே போய் அறையைத் திறந்துபோட்டிருந்தால் காசு செலவில்லாமல் ஆபத்து குறைந்திருக்கும்.

மாஸ்க் பற்றி நிறையச் சண்டை நடந்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், நோயாளி போட்டால் மற்றவர்களுக்கு லாபம், முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 வகையை மற்றவர் போட்டால் அவருக்கு லாபம். காது ஓரத்தில் காற்று கசியும் மாஸ்க் பாதி வேலைதான் செய்யும். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறை, நெரிசலான வண்டி, வயதானவர் வீடு ஆகிய இடங்களிலாவது குளிர்கால மாதங்களில் போடுவது நல்லது.

தடுப்பூசி அந்த மாலையில் யாருக்கும் கிடைத்திருக்க வழியில்லை. இன்று இருக்கிறது. ஃப்ளூ கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, வட அரைக்கோளத்துக்கு பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்கு செப்டம்பரிலும், ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. போட்டுக்கொண்ட பின் உடம்பு எதிர்ப்பைத் திரட்டச் சுமார் இரண்டு வாரம் ஆகும். எனவே ஊரெல்லாம் இருமத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். 2023 முதல் சில நாடுகளில் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆர்எஸ்வி ஊசியும் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். ஆஸ்பத்திரியில் படுக்கும் அளவுக்குப் போகும் வாய்ப்பு குறையும் என்பதே அதன் பெரிய பயன்.

இவை எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2020–21 குளிர்காலத்தில் உலகின் பெரும்பகுதியில் ஃப்ளூ ஏறக்குறையக் காணாமல் போனது. பி/யமகாட்டா என்ற ஃப்ளூ வகை, இந்த ஒத்திகை நடந்த அதே 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. தடுப்பூசியிலிருந்தே அதை நீக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வருடத்தில் பள்ளிகளை மூடினோம், பயணங்களை நிறுத்தினோம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அப்படி வாழ யாரும் கேட்கவில்லை. ஆனால் குளிர்காலம் என்றால் எல்லாரும் ஒருமுறை படுத்தே ஆக வேண்டும் என்ற விதி ஒன்றும் கிடையாது என்று தெரிந்துவிட்டது.

யார் சீக்கிரம் மருத்துவரிடம் போக வேண்டும்

65 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் ஃப்ளூ அறிகுறி தெரிந்ததுமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓசெல்டாமிவிர் போன்ற ஃப்ளூ வைரஸ் எதிர்ப்பு மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாவது, குழப்பமான பேச்சு, விட்ட காய்ச்சல் மறுபடி கடுமையான இருமலோடு திரும்புவது: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ உடனே கிளம்புங்கள். வைரஸ் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. குழந்தைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இரண்டு மின்னஞ்சல்கள்

இந்த நிகழ்வில் சரியாக நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மார்ச் 15 அன்று குழுவின் இயக்குநர் உறுப்பினர்கள் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். குறைந்தது ஆறு பேருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, இரண்டு பேர் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. மார்ச் 17-இல் இரண்டாவது மின்னஞ்சல் போனது. அதற்குள் எண்ணிக்கை 24 ஆகியிருந்தது. குழு சார்பில் ஒருவர் உள்ளூர் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னதும் அன்றுதான். ஆனால் அதிகாரிகள் அழைக்கும் முன்பே, இந்தக் கடிதங்களைப் படித்த பலர் தாமாகவே வீட்டுக்குள் ஒதுங்கிவிட்டார்கள். முடிவு வரட்டும், பீதி கிளப்ப வேண்டாம் என்று அவர் காத்திருந்தால், அந்த இரண்டு நாளில் இவர்கள் இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிருப்பார்கள்?

வகுப்பாசிரியரோ, அலுவலக மேலாளரோ, ஒரு குழுவை நடத்துகிறவரோ இந்தக் குளிர்காலத்தில் இப்படி ஒரு செய்தி அனுப்ப நேர்ந்தால் அதில் நான்கைந்து வரி போதும். எந்த நாள், எந்த அறை, எத்தனை மணி நேரம். எத்தனை பேருக்கு என்ன அறிகுறி, முதலில் தெரிந்தது என்றைக்கு. பரிசோதனை நடந்ததா, முடிவு வந்ததா. வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருப்பவர் யாரை அழைக்க வேண்டும். நோயாளியின் பெயர் வேண்டாம். முடிவு வராவிட்டாலும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.